அயோமியின் தாழ்ந்த ட்யூனிங்: பின்னால் வந்த பேண்டுகள் எதை எடுத்துக்கொண்டன, எதை மாற்றின?

கருங்கல்_ரிஃப் எழுதியது:

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டு பிளாக் சபாத் 1971இல் வெளியிட்ட மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில் அதன் கிட்டார்காரர் டோனி அயோமி சில பாட்டுகளுக்கு கிட்டாரை மூன்று அரைஸ்வரம் இறக்கி, இ-யிலிருந்து சி ஷார்ப்புக்குக் கொண்டுவந்தார். சில்ட்ரன் ஆஃப் த கிரேவ், லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட், இன்டு த வாய்ட் மூன்றும் அப்படித்தான். அதன்பிறகு சவுண்ட்கார்டன், கைய்அஸ், ஸ்லீப், எலெக்ட்ரிக் விஸார்ட் என்று ஒரு பெரிய வரிசையே அந்தத் தாழ்ந்த ஒலியிலிருந்து கிளம்பியது. எல்லாரும் சபாத் பெயரைச் சொல்கிறார்கள், ஆனால் ஒருவர் ஒலி இன்னொருவருக்கு இல்லை.

என் கேள்வி இரண்டு பகுதி.

1. இவர்கள் அயோமியிடமிருந்து நிஜமாக எடுத்தது என்ன? ட்யூனிங் மட்டும்தானா?

2. எங்கள் பேண்டில் எஸ்ஜி மாதிரி கிட்டார், 24.75 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 9-42 ஸ்ட்ரிங் செட் (முதல் தந்தி 0.009 அங்குலத் தடிப்பு, ஆறாவது 0.042). சி ஷார்ப்புக்கு இறக்கினால் ஆறாம் தந்தி தொங்குகிறது, வேகமாக அடித்தால் ஸ்ருதி மேலே ஏறி இறங்குகிறது, முதல் இரண்டு மூன்று ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகள்) சலசலப்பு. ரெக்கார்டில் கேட்கும் கனம் வரவில்லை, சேறு மாதிரி இருக்கிறது. அயோமியும் மெல்லிய தந்திதானே போட்டார், அவருக்கு மட்டும் எப்படி சரியாக வந்தது?

---

ஆறாம்_தந்தி எழுதியது:

இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அயோமி இறக்கியதற்குக் காரணம் அழகியல் அல்ல, விரல். 1965இல், 17 வயதில், பர்மிங்ஹாமில் தகட்டு உலோக ஆலையில் நடந்த விபத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர், அதனால் ஃப்ரெட்டை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தெரியாது, இழுத்து வளைப்பதும் கஷ்டம். அதற்காகத்தான் முதலில் பாஞ்ஜோ தந்திகளைப் போட்டு இறுக்கத்தைக் குறைத்தார், பிறகு ட்யூனிங்கையே இறக்கினார். உங்கள் விரல்களில் நுனி இருக்கிறது. அவருடைய தீர்வை அப்படியே எடுத்தால், உங்களுக்கு இல்லாத பிரச்சினையின் பக்கவிளைவுகள் மட்டும்தான் கையில் நிற்கும். பின்னால் வந்த பேண்டுகள் தாழ்ந்த ஸ்ருதியை எடுத்துக்கொண்டு, தந்தியைப் பெரும்பாலும் தடிப்பாக்கியது இதனால்தான்.

கணக்கு சுலபம். மூன்று அரைஸ்வரம் இறக்கினால் அதிர்வெண் 0.84 மடங்கு ஆகும். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் 0.707 மடங்கு. அதாவது கிட்டத்தட்ட 29 சதவீதம் இழுவிசை போய்விடுகிறது. 24.75 அங்குலத்தில் 42 கேஜ் (தடிப்பு) தந்தி இ-யில் சுமார் 6.3 கிலோ இழுக்கும். சி ஷார்ப்பில் அதே தந்தி சுமார் 4.5 கிலோதான். தொங்குவது அதனால்தான்.

ஸ்ருதி ஏறி இறங்குவதும் இதன் விளைவே. பலமாக அடிக்கும்போது தந்தி கொஞ்சம் நீள்கிறது, அந்த நீட்சி ஒரு கூடுதல் இழுவிசையைச் சேர்க்கிறது. ஏற்கெனவே இருக்கும் இழுவிசை குறைவாக இருந்தால், அந்தக் கூடுதல் அதில் பெரிய பங்காகிவிடும். அதனால் அடித்த நொடியில் ஸ்வரம் மேலே குதித்து, பிறகு இறங்கி உட்காரும். அயோமி தன் கையின் அழுத்தத்தை மெல்லிய தந்திக்கு ஏற்ப பல வருடம் பழக்கியவர். நாம் அடிக்கும் அடி வேறு.

தந்தி தேர்வுக்கு ஒரே விதி: பழைய உணர்வு வேண்டும் என்றால் கேஜை 1.19 ஆல் பெருக்குங்கள். 9-42 பிடித்திருந்தால் 11-50, கடையில் 11-52 சுலபமாகக் கிடைக்கும். 52 தந்தி சி ஷார்ப்பில் சுமார் 6.6 கிலோ வரும், உங்கள் பழைய 42 இ-யில் இருந்ததைவிடக் கொஞ்சம் இறுக்கம். 10-46 உணர்வு வேண்டும் என்றால் 12-54. அதில் மூன்றாம் தந்தி சுற்றுக்கம்பி இல்லாமல் வெறும் கம்பியாக இருக்கிற செட்டைப் பார்த்து வாங்குங்கள். ஜாஸ் செட்டுகளில் மூன்றாவது சுற்றுக்கம்பியாக இருக்கும், அதில் பெண்ட் (தந்தியை இழுத்து ஸ்ருதியை ஏற்றுவது) வராது.

தந்தியை மாற்றியதும் இந்த வரிசையில் பாருங்கள், வரிசை மாறினால் இரட்டை வேலை.

முதலில் நட் (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் வெட்டுகள் உள்ள துண்டு). 42 உட்கார்ந்த வெட்டில் 52 போகும்போது கால் மில்லிமீட்டர் தடிப்பு கூடுகிறது. ட்யூன் செய்யும்போது "டிங்" என்று ஒரு சத்தத்தோடு ஸ்ருதி தாண்டிக் குதித்தால் தந்தி வெட்டில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நட் ஃபைலால் அகலத்தை மட்டும் கூட்டுங்கள், ஆழத்தைத் தொடாதீர்கள். ஆழம் போய்விட்டால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் மோதிக்கொண்டே இருக்கும், பிறகு நிரப்பித் திரும்ப வெட்ட வேண்டும். தற்காலிகத்துக்கு பென்சில் கரித்தூள் போதும்.

அடுத்து கழுத்து வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடலோடு சேருமிடத்து ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.25 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. உங்களுக்கு இப்போது முதல் ஃப்ரெட்டுகளில் சலசலப்பு வருவது இதனால்தான்: தந்திகளின் இழுவிசை 29 சதவீதம் குறைந்ததும் ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) ஜெயித்து, கழுத்து பின்பக்கம் வளைந்துவிட்டது. தடித்த தந்தி போட்டால் இது பெரும்பாலும் தானே திரும்பிவிடும். ஆகவே தந்தி போட்டு ஒரு இரவு விட்டுவிட்டு அளந்த பிறகே ராடைத் தொடுங்கள். தொட வேண்டியிருந்தால் ஒரு தடவைக்கு கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக இன்டோனேஷன் (கழுத்து நெடுக ஸ்ருதி பிசகாமல் இருப்பது). 12ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஸ்வரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது மேலே இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் தந்தி உட்காரும் சின்னத் துண்டு) கழுத்தை விட்டுத் தள்ளிப் பின்னுக்கு நகர்த்துங்கள். ஆறாம் தந்தியின் சேடில் நிறைய பின்னால் போக வேண்டியிருக்கும். ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜில் இடம் முடிந்துவிட்டால் அந்த ஒரு சேடிலைக் கழற்றித் திருப்பிப் போடலாம், இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ட்யூனரைப் பார்க்கும்போது மெல்லத் தட்டிப் பார்க்காதீர்கள், மேடையில் அடிக்கும் அதே பலத்தில் அடித்துப் பாருங்கள்.

---

தாளக்கட்டு எழுதியது:

மேலே சொன்னது கிட்டாருக்கு. "சேறு" பிரச்சினை கிட்டாரில் மட்டும் இல்லை, பேண்டு முழுக்க இருக்கு.

சி ஷார்ப்புக்கு இறக்கின கிட்டாரோட ஆறாம் தந்தி 69 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரும் கூடவே இறங்கினா 35 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், சபாத்தோட பேஸ்காரர் கீஸர் பட்லரும் அப்படித்தான் அயோமியோட சேர்ந்து இறக்கினார். நடுவுல கிக் ட்ரம். இந்த மூணும் ஒரே அறையில மோதும்போது கிட்டார்காரர் ஆம்புல பேஸ் குமிழைக் கூட்டினார்னா முடிஞ்சது கதை. சபாத் ரெக்கார்டை ஹெட்ஃபோன்ல கவனமா கேளுங்க. கிட்டார் நாம நினைக்கிற அளவுக்கு அடிஒலி நிறைஞ்சதா இருக்காது. மிட் (நடு அதிர்வெண்) தூக்கலா, கொஞ்சம் கரகரன்னு இருக்கும். நமக்குக் கனம்னு தோணறதுல பாதி பட்லரோட பேஸ்.

அயோமி அப்போ பயன்படுத்தினது லேனி ஆம்ப், அதுக்கு முன்னால டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர், அதையும் ஒருத்தர் அவருக்காக மாத்திக் கொடுத்தார். வழக்கமான ரேஞ்ச்மாஸ்டர் சர்க்யூட்ல ஒரே ஒரு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர், உள்ளே நுழையற இடத்துல 5 நேனோஃபாரட் கெபாசிட்டர். அந்தச் சின்ன கெபாசிட்டர் அடிஒலியை வடிகட்டிட்டு மேல்பகுதியை மட்டும் தள்ளிவிடும். ஆம்ப் அதை வச்சுத்தான் டிஸ்டார்ட் பண்ணும். பேஸ் அதிகமா உள்ளே போச்சுன்னா டிஸ்டார்ஷன் தொளதொளன்னு ஆகும், ஸ்வரங்கள் பிரிஞ்சு கேக்காது. அதனால விதி இதுதான்: டிஸ்டார்ஷனுக்கு முன்னால பேஸை வெட்டு, வேணும்னா பின்னால சேர்த்துக்கோ.

ட்ரெபிள் பூஸ்டர் இல்லேன்னா ஈக்யூ பெடல் ஒண்ணை டிஸ்டார்ஷனுக்கு முன்னால வச்சு 100 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை நல்லா இறக்குங்க. ஆம்புல கெய்னைப் பாதியில நிறுத்துங்க, மிட்டை 6, 7ல வைங்க, பேஸை 4க்கு மேல ஏத்தாதீங்க. தனியா வாசிக்கும்போது மெலிசா தெரியும். பேஸ் கிட்டார் உள்ளே வந்ததும் சரியாயிடும். தனியா நல்லா கேக்கற டோனை வச்சு பேண்டுக்குள்ள போறதுதான் நூத்துக்குத் தொண்ணூறு பேர் மாட்டிக்கிற இடம். பிக் மஃப் மாதிரி மிட்டைக் குழிச்சு விடற ஃபஸ் பெடல் போட்டா இன்னும் மோசம், ட்ரம்ஸ் ஆரம்பிச்சதும் கிட்டார் காணாமப் போயிடும். அதைப் போட்டே ஆகணும்னா மிட்டைத் தூக்கற பெடல் ஒண்ணு பின்னால வேணும்.

பேஸ்காரருக்கும் தந்தி மாத்தணும். 45-105 செட்னா அதே 1.19 கணக்குல கடைசித் தந்தி 125 வரும். அஞ்சு தந்தி செட் வாங்கி, மேல் தந்தியை விட்டுட்டு மீதி நாலைப் போட்டாலும் சரி. அப்போ நட் வெட்டு கட்டாயம் அகலமாகணும்.

அடுத்தது ட்ரம்ஸ். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை. சபாத்தோட ட்ரம்ஸ்காரர் பில் வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ஜீன் க்ரூபா மாதிரி ஜாஸ் ட்ரம்ஸ்காரங்களைச் சொல்வார். சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்ல அந்தக் குதிரை ஓட்டம் நேரான எட்டுல வராது, ஒவ்வொரு அடியும் மூணாப் பிரியும். திஸ்ர நடைன்னு நினைச்சுக்கோங்க, உடனே பிடிபடும். சபாத்தை நகல் எடுக்கற பேண்டுகள் பலது மெதுவா வாசிப்பாங்க, ஆனா அடியை நேரா வைப்பாங்க. ஸ்விங் போயிடும், ஸ்விங் போனா வெறும் மெதுவான பாட்டுதான் மிஞ்சும்.

பயிற்சிக்கு: மெட்ரோனோமை 60ல வச்சு, ஒவ்வொரு க்ளிக்குக்கும் வாயால "த கி ட" சொல்லிக்கிட்டே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரியை) வாசிங்க. பிடிபட்டதும் க்ளிக்கை 30க்குக் குறைச்சு, இரண்டு அடிக்கு ஒரு க்ளிக் மட்டும் வர்ற மாதிரி வைங்க. இடைவெளியில எல்லாரும் முந்தறாங்களா பிந்தறாங்களான்னு அங்கதான் தெரியும். மெதுவான பாட்டுல பிழை மறையறதுக்கு இடமே கிடையாது.

---

மேற்குக்கரை எழுதியது:

முதல் கேள்விக்கு வருகிறேன். மூத்தவர்களிடமிருந்து பின்வந்தவர்கள் ஒரு ஒலியை முழுசாக வாங்குவதில்லை. ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள். யார் எந்தப் பாகத்தை எடுத்தார்கள் என்று பார்த்தால், ஏன் ஒருவர் ஒலி இன்னொருவருக்கு இல்லை என்பது விளங்கும்.

சியாட்டிலைப் பாருங்கள். சவுண்ட்கார்டனின் கிம் தய்யிலுக்கு (பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள்) ட்ராப் டி ட்யூனிங்கைக் காட்டிக்கொடுத்தது மெல்வின்ஸ் பேண்டின் பஸ் ஆஸ்போர்ன். மெல்வின்ஸ் ஊறியது சபாத்தில். ஆனால் கைமாறும் வழியில் விஷயம் மாறிவிட்டது. அயோமி ஆறு தந்திகளையும் ஒரே அளவு இறக்கினார், அதனால் விரல் போகும் இடம் எதுவும் மாறவில்லை. ட்ராப் டி-யில் ஆறாம் தந்தி மட்டும் இரண்டு அரைஸ்வரம் இறங்குகிறது. பவர் கார்டை (ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும் சேர்ந்தது) ஒரே விரலால் படுக்கவைத்துப் பிடிக்கலாம் என்பதால் கார்டு வேகமாக நகர்கிறது, ரிஃப் எழுதும் முறையே வேறாகிறது. 1991இல் வந்த பேட்மோட்டர்ஃபிங்கர் ஆல்பத்தில் அவுட்ஷைண்ட் ட்ராப் டி. ரஸ்டி கேஜில் ஆறாம் தந்தியை பி வரைக்கும் இறக்கிவிட்டார்கள், மற்ற ஐந்தும் இருந்த இடத்திலேயே. ஆலிஸ் இன் செயின்ஸ் 1992இல் டர்ட் ஆல்பத்தில் எல்லாவற்றையும் அரைஸ்வரம் இறக்கி, சில பாட்டுகளில் அதற்கு மேல் ட்ராப் செய்தார்கள். தெம் போன்ஸ் ரிஃப் 7/8இல் ஓடும். சபாத்தின் கனத்தை எடுத்து, அதை ஒற்றைப்படைத் தாளத்தில் போட்டது அவர்கள் வேலை.

அதே 1992இல் சவுண்ட்கார்டன் இன்டு த வாய்டை எடுத்து, சபாத்தின் வரிகளை நீக்கிவிட்டு, பூர்வகுடித் தலைவர் சியாட்டில் பேசியதாகச் சொல்லப்படும் உரையின் சொற்களை வைத்துப் பாடினார்கள். ரிஃப் அப்படியே, சொல் வேறு. மூத்தவர் பாட்டை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கலிஃபோர்னியா பாலைவனத்து கைய்அஸ் எடுத்தது ஒலியின் உடம்பை. சி வரைக்கும் இறக்கி, கிட்டாரை பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டிகள் வழியாக விட்டார் ஜாஷ் ஹோமி. கூர்மை மழுங்கி, பக்கவாட்டில் பரவும் ஒலி அது. தாளக்கட்டு மேலே சொன்ன "பேஸை வெட்டு" விதிக்கு நேர் எதிர்த்திசை என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரே கிட்டார்தான், இடம் இருந்தது. உங்கள் பேண்டில் இரண்டு கிட்டார் இருந்தால் அது நடக்காது.

ஸ்லீப் எடுத்தது ரிஃப் திரும்பத் திரும்ப வருவதை. சபாத்தில் ஒரு ரிஃப் நாலு தடவை வந்தால் பாட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும், வேகமும் நடுவில் மாறும். ஸ்லீப் அதை நிறுத்தி, டோப்ஸ்மோக்கரில் ஒரே பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள். எலெக்ட்ரிக் விஸார்ட் பெயரையே இரண்டு சபாத் பாட்டுகளின் தலைப்பிலிருந்து ஒட்டி எடுத்தது. மெட்டாலிகா எடுத்தது ரிஃப்பை அடுக்கும் முறையை. 1991இல் சாட் பட் ட்ரூவுக்கு ஒரு முழு ஸ்வரம் இறக்கினார்கள், ஆனால் உள்ளங்கையால் தந்தியை அமுக்கி அடிக்கும் அந்த இறுக்கமான வலதுகை சபாத்தில் அவ்வளவு இல்லை. 2006இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சபாத்தை வரவேற்றுப் பேசியவர்களும் அவர்கள்தான். 2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் சபாத்தின் கடைசி நிகழ்ச்சியில் மெட்டாலிகா, டூல், ஆலிஸ் இன் செயின்ஸ், மாஸ்டடான், கொஜிரா எல்லாரும் சபாத் பாட்டு ஒன்றாவது வாசித்தார்கள். ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேட்டால் எந்தப் பாகம் யாரிடம் போனது என்று காதுக்கே பிடிபடும்.

இன்னொன்று. அயோமிக்கும் மூத்தவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு கிட்டாரை விட்டுவிடலாம் என்றிருந்தவருக்கு ஆலை மேற்பார்வையாளர் போட்டுக்காட்டியது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் இசைத்தட்டு. 1928இல் தீ விபத்தில் இடதுகையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்த ஜாஸ் மேதை. ரெய்ன்ஹார்டின் ஒரு ஸ்வரம்கூட சபாத்தில் இல்லை. வந்தது "இரண்டு விரலை வைத்தும் முடியும்" என்பது மட்டும். அதுவும் தாக்கம்தான், ஒருவேளை எல்லாவற்றையும்விடப் பெரிய தாக்கம்.

முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ரிஃப்பும் அப்படியே. பட்லர், ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் மார்ஸ் இசையை பேஸில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து அயோமி கிளம்பினார். ஜி, மேல் ஜி, நடுவில் சி ஷார்ப். நம் கணக்கில் ச, மேல் ச, பிரதி மத்யமம். கல்யாணியிலும் அதே மத்யமம்தான், அங்கே பயம் வருவதில்லை, ஏனென்றால் காந்தாரமும் பஞ்சமமும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கின்றன. இங்கே இரண்டும் இல்லை. மத்யமத்தில் நின்று அதை நடுங்கவிட்டுவிட்டு, பஞ்சமத்துக்குப் போகாமலே திரும்பிவிடுகிறார். கவனியுங்கள், இந்தப் பாட்டு இறக்காத ட்யூனிங்கில் வாசித்தது. அந்த இருட்டுக்கு சி ஷார்ப் ட்யூனிங் தேவைப்படவே இல்லை.

---

கருங்கல்_ரிஃப் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 11-52 வாங்குகிறேன். இரண்டு சந்தேகம். இன்னொரு கிட்டார்காரரிடம் இருப்பது 25.5 அங்குலம், மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ். அவரும் அதே செட் போடலாமா? அப்புறம், சபாத் மாதிரி ஆகிவிடாமல் சபாத்திலிருந்து கற்று ரிஃப் எழுதுவது எப்படி?

---

ஆறாம்_தந்தி எழுதியது:

25.5இல் அதே தந்தி சுமார் 6 சதவீதம் அதிகமாக இழுக்கும், அதனால் அதே 11-52 அவருக்குத் தாராளம். பிரச்சினை மிதக்கும் பிரிட்ஜ்தான். பின்னால் இருக்கும் ஸ்ப்ரிங்குகள் தந்திகளின் மொத்த இழுவிசையோடு சமன் ஆகி நிற்கின்றன. ஒரு தந்தியை மாற்றினாலே மற்ற ஐந்தும் நகரும். முதலில் பிரிட்ஜின் அடியில் மடித்த துணியோ அட்டையோ வைத்து அது சரியான உயரத்தில் அசையாமல் நிற்கும்படி செய்யுங்கள். தந்திகளை மாற்றி சி ஷார்ப்புக்கு ட்யூன் செய்யுங்கள். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, ஸ்ருதி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எல்லாத் தந்தியும் இறங்கினால் பிரிட்ஜ் முன்னுக்குச் சாய்கிறது, ஸ்ப்ரிங் திருகுகளை இறுக்குங்கள். ஏறினால் தளர்த்துங்கள். அரைச் சுற்று அரைச் சுற்றாக, ஒவ்வொரு தடவையும் ட்யூனரைப் பார்த்து. மேடையில் இரண்டு ட்யூனிங்குக்கு நடுவில் மாறப்போகிறீர்கள் என்றால் அந்தக் கிட்டார் வேண்டாம், அல்லது பிரிட்ஜை மரக்கட்டை வைத்து அடைத்துவிடுங்கள்.

---

மேற்குக்கரை எழுதியது:

ரிஃப்புக்கு: ஒரு சபாத் ரிஃப்பைக் காதால் மட்டும் எடுங்கள், டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்ணில் எழுதிய குறிப்பு) பார்க்காமல். பிறகு அதை மூன்று தனிப் பட்டியலாக எழுதுங்கள். எந்த ஸ்வரங்கள், அடி எங்கே விழுகிறது, அடி எங்கே விழாமல் இடம் விடுகிறது. மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மாற்றி எழுதுங்கள். ஸ்வரத்தை வைத்தால் சபாத் நகல் என்று கேட்பவர் உடனே கண்டுபிடிப்பார். இடைவெளிகளை மட்டும் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது, கனம் மட்டும் வந்துவிடும். ரிஃப்பை முதலில் டிஸ்டார்ஷன் இல்லாமல், இறக்காத ட்யூனிங்கில் வாசித்துப் பாருங்கள். அங்கேயே நிற்காத ரிஃப் சி ஷார்ப்பிலும் நிற்காது.

---

தாளக்கட்டு எழுதியது:

ஒண்ணு சேர்த்துக்கறேன். ரிஃப்பை ட்ரம்ஸ்காரர்கிட்ட வாயால பாடிக் காட்டுங்க, கிட்டார்ல வேண்டாம். கிட்டார்ல காட்டினா அவர் ஒவ்வொரு அடியிலும் கூடவே அடிப்பார். பாடிக் காட்டினா நீங்க மூச்சு விடற இடத்துல அவர் ஃபில் (இடைவெளியை நிரப்பற சின்ன ட்ரம்ஸ் வரி) போடுவார். பாட்டு முழுக்க ரிஃப்போட ஒட்டியே அடிச்சா பதினாறு பார்ல காது களைச்சுடும்.